ஒரு கூடை வற்றலும் பெரிய மனிதர்களின் நல்ல மனசும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், கடலோரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே நெல்லும் விளையும், கரும்பும் விளையும். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது மிளகாய்தான். அந்த மண்ணில் விளைந்த வற்றலைக் கிள்ளி நாக்கில் வைத்தால் காது அடைத்துக்கொள்ளும். ராஜா சூரசேன பூபதிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அவர் மட்டும் அதைத் தொடமாட்டார். ரசத்தில் ஒரு விதை மிதந்தாலே விக்கிக்கொண்டு எழுந்துபோய், திரைமறைவில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள். இது அரண்மனையில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான் யாருக்கும் தைரியம் கிடையாது.

ஒருநாள் தூர தேசத்துக் கப்பல் தலைவன் ஒருவன் மிளகாய் வாங்க வந்து சபையில் நின்றான்.

“மகாராஜா, தங்கள் மிளகாய்க்காக எங்கள் துறைமுகங்களில் அடிதடியே நடக்கிறது. அழுதுகொண்டே தின்கிறார்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் போடு என்கிறார்கள். யார் அதிகம் தின்பது என்று பந்தயம் வேறு! போன மாதம் ஒரு பிரபு கிண்ணம் நிறையத் தின்று பட்டம் வாங்கினார்.”

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. “நம் மண்ணில் விளைந்ததைத் தின்று அயலான் பட்டம் வாங்குவதா? கிண்ணம் என்ன கிண்ணம்! ஒரு கூடையையே காலி செய்ய என் சபையில் ஆள் உண்டு. நாளைக்கே காட்டுகிறேன்!” என்றார். சொன்ன பிறகுதான், யார் அந்த ஆள் என்று சபையைப் பார்த்தார்.

சபை குனிந்து தரையைப் பார்த்தது. மதயானைக்கு எதிரே மார்பைக் காட்டியதாகத் தினமும் சொல்கிற சேனாதிபதி வல்லபராயருக்கு அன்றைக்கென்று வாய்ப்புண். முதல் மந்திரி திருமேனிநாதர் மட்டும் நிமிர்ந்தார். அரண்மனை விகடகவி குப்பாண்டியின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கடுப்பு. அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், இவர் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார். எந்த மந்திரிக்குத்தான் வயிறு எரியாது?

“மகாராஜா, இந்தச் சபையிலேயே பெரிய வாய் குப்பாண்டியின் வாய். அந்தப் பெருமை அவனையே சேரட்டும். ஒருவேளை தோற்றால் அயலார் முன் நமக்கு மானக்கேடு. மானத்தை வாங்கியவன் நாட்டில் இருக்கலாகாது” என்றார்.

ராஜா சூட்டோடு சூடாக உத்தரவு போட்டார். “குப்பாண்டி! நாளை மாலைக்குள், இந்த மண்டபத்திலேயே, உன் முன்னால் வைக்கிற கூடை காலியாக வேண்டும். ஒரு வற்றல் மிஞ்சக் கூடாது. உன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரக் கூடாது. தவறினால் நாட்டை விட்டுப் போய்விடு!”

“ஒரு வற்றலும் வெளியே போகலாகாது, இன்னொருவர் வாயிலும் விழலாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்” என்றார் மந்திரி. குப்பாண்டியை அவர் நன்றாக அறிந்தவர்.

குப்பாண்டி சிரித்தபடி கும்பிட்டான். அந்தச் சிரிப்பு அரண்மனை வாசல்வரைதான். அந்த ஊரை விட்டால் அவனுக்கு வேறு ஊர் தெரியாது, சிரிக்க வைப்பதை விட்டால் வேறு பிழைப்பும் தெரியாது.

அவன் வீட்டுக்கு வந்ததும் மனைவி பூங்காவனம் வாசலிலேயே மறித்தாள்.

“அங்கயே நில்லுங்க, உள்ள வராதீங்க! மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு. எந்தக் கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ!” என்று வற்றலும் உப்பும் கைப்பிடி அள்ளி, அவனைச் சுற்றிக் கழித்து, வாசலில் இருந்த அடுப்புத் தணலில் போட்டாள். போட்ட கையோடு காற்று வருகிற பக்கமாக நகர்ந்து நின்று மூக்கை உறிஞ்சினாள். “பாத்தீங்களா? நெடியே இல்ல! கண்ணு படாம இருந்தா இந்நேரம் தெருவே தும்மியிருக்கும். அம்புட்டுப் பொறாமைய ஒட்டவச்சு அனுப்பியிருக்கானுவ பாவிங்க!”

காற்று போகிற பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர் தும்மித் தும்மித் திட்டிக்கொண்டிருந்தார். குப்பாண்டி மனைவியைப் பார்த்தான், எதிர்வீட்டைப் பார்த்தான். “அடியே, நீ மகராசியா இருக்கணும்!” என்று ஒரு குதி குதித்தான்.

“ஐயையோ, மனுசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சே!” என்று அவள் இன்னொரு பிடி வற்றல் எடுக்க ஓடினாள்.

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. நடுவில், பெரிய மனிதர்களின் வரிசைக்கு முன்னால், சாம்பிராணி போடுகிற பெரிய கணப்பு தணலோடு இருந்தது. குப்பாண்டி கடல்காற்று வருகிற சாளரத்தடியில் உட்கார்ந்தான். கூடையைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று ராஜாவையும் கப்பல் தலைவனையும் தன் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார வைத்துக்கொண்டான்.

“மகாராஜா, தொடங்குமுன் எனக்குத் திருஷ்டி கழிக்க அனுமதி வேண்டும். பெரியவர்களின் கண் என் மேல் பட்டிருக்கிறது.”

மந்திரி துள்ளி எழுந்தார். “எங்களுக்கா பொறாமை? இவன் மேலா? அபாண்டம்!”

“சோதித்துப் பார்த்தால் போகிறது. நெடி வந்தால் இவர்கள் மனம் பால் போன்றது. வராவிட்டால்...” என்று இழுத்தான் குப்பாண்டி.

ராஜாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. “வராவிட்டால் பொறாமைக்காரன் எவனும் இனி என் சபையில் உட்கார முடியாது!”

குப்பாண்டி ஒரு பிடி வற்றலை அள்ளித் தன்னைச் சுற்றிக்கொண்டு, கணப்பில் போட்டுவிட்டுச் சாளரத்துக்கு ஓடிவந்தான். மூக்கை உறிஞ்சினான். “நெடியே காணோமே, மகாராஜா!”

ராஜாவும் உறிஞ்சினார். கடல்காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. “ஆமாம், ஒன்றும் தெரியவில்லையே!”

“வருகிறது, மகாராஜா! இங்கே வருகிறது!” என்று இருமினார் சேனாதிபதி.

“யானைக்கு அஞ்சாதவர் ஒரு பிடி வற்றலுக்கா இருமுவார்? சும்மா பாசாங்கு” என்றான் குப்பாண்டி.

“பாசாங்கா? என் மனம் சுத்தம்!” என்று சேனாதிபதி பாய்ந்துவந்து இரண்டு கையாலும் அள்ளிக் கணப்பில் கொட்டினார். அவர் போட்டால் சோதிடர் சும்மா இருப்பாரா? அவரும் போட்டார். புரோகிதர் போட்டார். போடாதவன் பொறாமைக்காரன் என்று ஆகிவிடுமே! ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். எவன் மனசு அதிக சுத்தம் என்பதில் அங்கே ஒரு கைகலப்பே நடந்தது.

“இன்னும் வரவில்லையே” என்று ராஜா உதட்டைப் பிதுக்கினார்.

மந்திரி கூடையையே தூக்கிக் கணப்பில் கவிழ்த்தார்.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல! புகை எழும்பிப் பெரிய மனிதர்களின் வரிசையைக் கப்பென்று பிடித்தது. கடல்காற்றைத் தாண்டி ஒரே ஒரு கீற்று மட்டும் ராஜாவின் மூக்கைத் தொட்டது. இருமல், தும்மல், “ஐயோ அம்மா!” என்ற அலறல். சோதிடர் தூணில் முட்டிக்கொண்டார். சேனாதிபதி தன் வீரர்களையே மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மந்திரி வந்து ராஜாவின் காலடியில் விழுந்தார். கண் இரண்டும் கோவைப்பழம், மூக்கிலிருந்து அருவி. “வந்துவிட்டது... மகாராஜா... நெடி!”

குப்பாண்டி கூடையைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினான். “காலி. ஒன்றும் வெளியே போகவில்லை, ஒருவர் வாயிலும் விழவில்லை. என் கண்ணையும் பாருங்கள், மகாராஜா.”

“தின்னவில்லையே இவன்!” என்று ஊளையிட்டார் மந்திரி.

“தின்னச் சொல்லி உத்தரவில் எங்கே இருக்கிறது? நான் போட்டது ஒரு பிடி. மிச்சமெல்லாம் தங்கள் உபயம்.”

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “அது கிடக்கட்டும். இவர்களுக்குப் பொறாமை உண்டா, இல்லையா?”

“ஒரு பிடியில் வரவேண்டிய நெடி, மகாராஜா, ஒரு கூடை தீர்ந்த பிறகுதான் தங்கள் மூக்குக்கு எட்டியது. நான் வேறு சொல்ல வேண்டுமா?”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். “இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“காலையிலிருந்து பட்டினி, மகாராஜா. திரைக்குப் பின்னால் கொஞ்சம் தயிர்சாதம் மிச்சமிருந்தால் போதும்.”

ராஜாவின் முகம் ஒரு கணம் சிவந்தது. பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்து, “வா, சேர்ந்தே சாப்பிடுவோம்” என்று அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார். அன்றைக்குப் பிறகு மந்திரி ஆசனம் காலியாகவே இருந்தது.

கப்பல் தலைவன் சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் ஆட்களைக் கூப்பிட்டான். “நாம் இதுவரை இதைத் தின்று வீணாக்கிவிட்டோம். இன்னும் பத்துக் கப்பல் கொண்டுவரச் சொல்லுங்கள். நம் ராஜாவுக்கும் மந்திரிகள் இருக்கிறார்கள்.”

இன்றைக்கு மிளகாய் போகாத தேசம் இல்லை என்கிறார்களே, எல்லாம் ருசிக்காகப் போனது என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?