ஜெனரேட்டர் அறை வாசலில் ஒரு விளக்கம்

“மேடம், மூன்று நாளாகச் சொல்கிறேன். அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்” என்றார் டாக்டர் அருணகிரி.

அருணகிரிக்கு நாற்பத்தேழு வயது. இருபது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டு, காது மூக்கு தொண்டை மேற்படிப்புக்கு வந்தவர். அவருக்குப் பாடம் சொல்லும் பேராசிரியை மெஹராஜ் பேகத்துக்கு முப்பத்தாறு. வயது இடித்தாலும், மாணவர் மாணவராகத்தான் இருந்தார்.

“யார், ரங்காத்தாளா?”

“ஆமாம். நாளைக்கு ஆபரேஷன் பட்டியலில் முதல் பெயர். இன்று பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் தராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எட்டு மாதம் ஆகும். மகள் போனில் பேசுவதுகூட அந்த அம்மாவுக்குக் கேட்பதில்லை.”

“என்ன சொன்னீர்கள்?”

அருணகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காதின் சொற்கள் மொத்தமும் அவருக்கு மனப்பாடம். லத்தீனிலும் தெரியும், தமிழிலும் தெரியும்.

“செவிப்பறையில் தொடங்கினேன். சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு. அங்கவடியின் அடித்தட்டு நீள்வட்டச் சாளரத்தில் இறுகிவிட்டது, நத்தைச்சுருளுக்கு அதிர்வு போகவில்லை என்று சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘வேண்டாமுங்க.’ அவ்வளவுதான்.”

பேராசிரியை கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “இது என்ன?”

“பாராகுசிஸ் வில்லிசி, மேடம். இந்த நோய்க்கு உள்ள விசித்திரம். அமைதியில் கேட்காது, இரைச்சலில் நன்றாகக் கேட்கும். வேலை செய்யும் தறிக்குடோனில் தனக்கு எல்லாம் கேட்கும் என்று அந்த அம்மாவே சொன்னார். உடனே எழுதிவிட்டேன்.”

“எழுதிவிட்டு?”

“சத்தம் புகாத பரிசோதனை அறைக்கு அழைத்துப் போய், பொறுமையாக விளக்கினேன்.”

பேராசிரியை எழுந்தார். “அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள்.”

அன்று மின்வாரியத்தின் பராமரிப்பு நாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் காலையிலிருந்து ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மூவரும் அந்த அறையின் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். தரை அதிர்ந்தது.

“சொல்லுங்கள்” என்று கையைக் காட்டினார் பேராசிரியை.

“இங்கேயா?”

பேராசிரியை தலையை ஆட்டினார்.

அருணகிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “அங்கவடி எலும்பின் அடித்தட்டு...” என்று ஆரம்பித்தார். பாதியிலேயே மூச்சு முட்டியது. நீளமான சொற்களைச் சுமந்துகொண்டு கத்த முடியவில்லை.

இன்னொரு முறை மூச்சை இழுத்தார்.

“உள்ளே குட்டியா மூணு எலும்பு!”

ரங்காத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைசி எலும்பு இறுகிப் போச்சு! ஆடலை! அதான் கேக்கலை!”

“அட! தறியில பேரிங் இறுகுனாப்லயா?” என்று அவளும் கத்தினாள்.

“அதேதான்! எடுத்துட்டு வேற வைப்போம்!”

“என்ரகிட்ட இத யாருமே சொல்லலீங்களே! மூணு நாளா இவரு வாயி மட்டும் அசைஞ்சுது. திருப்பித் திருப்பிக் கேட்டா எனக்குப் பைத்தியமுன்னு நெனச்சுக்குவாங்கன்னு வேண்டாமுன்னேன்.”

அருணகிரியின் காது சிவந்தது.

“வெச்சும் ஆடலீன்னா?” என்றாள் அவள்.

அவர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூத்துல ஒருத்தருக்கு அந்தக் காது மொத்தமாப் போயிடும்! மறைக்க மாட்டேன்!”

“மத்தவங்களுக்கு?”

“பெரும்பாலும் நல்லாக் கேக்கும்! மக போன்ல பேசுறதும் கேக்கும்!”

ரங்காத்தாள் சாதாரணக் குரலில் ஏதோ சொன்னாள்.

அருணகிரிக்கு ஜெனரேட்டர்தான் கேட்டது. “என்னம்மா?”

மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார். “கேக்கலைம்மா!”

பேராசிரியை முதல் தடவையாகச் சிரித்தார்.

ரங்காத்தாள் அருணகிரியின் தோளைப் பிடித்து இழுத்து, காதோரம் வாயை வைத்து, குடோனே திரும்பிப் பார்க்கும் குரலில் கத்தினாள்:

“பேனாவக் குடுங்கன்னேன்!”