வாயிற்கூட்டத்தில் வாசிக்க ஒரு பெயர்

நடந்த அநீதிகளை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் நியாயமும் தப்பிவிடும்.

முதலாவது, எங்கள் நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் பம்ப் பெல்ட்டில் கை போன வேலாண்டியை, காயம் ஆறும் முன்பே வேலையிலிருந்து அனுப்பினார்கள். இரண்டாவது, அதைத் தட்டிக் கேட்ட பதினேழு பேரை நீக்கினார்கள். மூன்றாவது, நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தத்தில் எங்களை ஜெயிலில் அடைத்துவிட்டு, ஊருக்குத் தண்ணீர் விடாத பாவிகள் என்று எங்களைப் பற்றியே தண்டோரா போட்டார்கள். இந்த மூன்றும் அரசாங்கம் செய்தவை. நான்காவதை நாங்கள் செய்தோம். அது எந்தத் துண்டறிக்கையிலும் வரவில்லை. துண்டறிக்கைகளை எழுதியவன் நான்.

போராட்டத்தில் ஜெயித்தோம். பணியில் இருக்கும்போது நிரந்தரத் தொழிலாளி இறந்தால் அவர் வாரிசுக்கு வேலை என்று ஒப்பந்தமானது. காலியிடம் வந்தால், அதற்குரிய பெயரைச் சங்கச் செயலாளர் வாயிற்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார். வாசித்த பெயரை எந்த ஆணையரும் மறுத்ததில்லை. இது கேட்டுப் பெற்றது. கேளாமல் எடுத்துக்கொண்டது ஒன்றும் உண்டு. அதன் பெயர் ‘சங்கக் கையெழுத்து’. நிர்வாகிகள் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுச் சங்க வேலையாக வெளியே போவோம். எங்கள் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நிற்பார். செயலாளரான என் இடத்தில் பதினோரு வருடம் நின்றவர் மரியசூசை.

ஒரு செவ்வாய்க்கிழமை குளோரின் உருளையின் வால்வு உடைந்தது. சுற்றிலும் வீடுகள். மரியசூசை ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை அடைத்தார். திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் நான் கலெக்டர் அலுவலக வாசலில், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கு என்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் பதிவேட்டைத் திறந்தார்கள். குளோரின் அறைக்கு நேரே என் கையெழுத்து. “அன்னைக்கு அவன் என் ஆள் லிஸ்டுலயே இல்ல” என்றார் ஒப்பந்தக்காரர். “வேடிக்கை பார்க்க வந்த வெளியாள்” என்று எழுதினார் விசாரணை நடத்திய பொறியாளர். என்னைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க செயலாளரே?” என்றார். வாய் திறந்தால் என் வேலை போகும். சங்கக் கையெழுத்து சந்தி சிரிக்கும். நான் பேசவில்லை. வாழ்நாளெல்லாம் பேசியே பிழைத்தவன், அந்த ஒரு நாள் பேசவில்லை.

அதே மாதம் நிரந்தரத் தொழிலாளி சங்கரலிங்கம் நோயில் இறந்தார். ஒரு காலியிடம் வந்தது. மூன்று பேர் சங்க அலுவலகத்துக்கு வந்தார்கள்.

முதலில் சங்கரலிங்கத்தின் மகள் கோமதி. “மாமா, எங்கப்பா உங்ககூட ஜெயில்ல களி தின்னவரு. நான் பிச்சை கேக்கல. நீங்க எழுதி வாங்குன ஒப்பந்தத்தக் கேக்கேன்.”

அடுத்து பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நயினார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இருபத்தொரு வருடம். அடுத்த ஆடியோடு வயது வரம்பு முடிகிறது. “தலைவரே, வேலை உங்க வீட்டுக்குள்ளயே சுத்தி வருது. வாயக் கெட்டி வரிசையில நின்ன நாங்க என்ன, இந்த ஊருக்கு விருந்தாளியா? ஓஸியில ஜெராக்ஸ் எடுக்க மட்டும் ‘பொதுமக்கள் ஆதரவு’ங்கீய!”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியாக மரியசூசையின் மனைவி பாக்கியம். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“வேலைக்கு மனு எழுதித் தாங்க தங்கச்சி” என்றேன்.

“வேல கெடக்கட்டும் அண்ணாச்சி. அவுக அன்னைக்கு வேல பாத்தாகளா, வேடிக்க பாத்தாகளா? ஊருல பலவிதமாப் பேசுதாக. களவாங்கப் போனவன்னும் சொல்லுதாக. உங்களுக்குத் தெரியும்லா?”

தெரியும். மறுநாள் காலை வாயிற்கூட்டம். காலியிடம் ஒன்று. ஒப்பந்தப்படி உரிமை உள்ளவள் ஒருத்தி, வரிசைப்படி உரிமை உள்ளவன் ஒருவன், பேரே இல்லாமல் செத்தவரின் மனைவி ஒருத்தி.

வாசிப்பவரே, செயலாளர் எந்தப் பெயரை வாசிப்பது சரி?

விடை: சங்கரலிங்கத்தின் இடம் கோமதிக்கு உரியது. உழைத்துச் சாகிறவன் குடும்பத்துக்கு அரசாங்கம் தனியாக ஏதாவது செய்யத்தான் வேண்டும். அதை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்தக் காலியிடத்துக்கும் பெயர் வாசிக்கும் அதிகாரம் எங்களுக்கு எதற்கு என்பதே நயினாரின் கேள்வி, அது நியாயமான கேள்வி. பாக்கியமோ இந்தப் போட்டியிலேயே இல்லை. அவள் கேட்டது வேலையை அன்று, அவர் வேலை பார்த்து இறந்தாரா என்பதை. ஆம் என்றால், பணியில் இறந்த தொழிலாளியின் இடம் ஒன்றும் காலி. பதிவேட்டின்படி அந்த இடம் என்னுடையது. ஆகவே காலியிடம் ஒன்று என்று நினைத்தவர் எல்லோரும் தப்பாக எண்ணினார்கள், என்னையும் சேர்த்து. மறுநாள் கோமதியின் பெயரை வாசித்தேன். கை தட்டினார்கள். பிறகு விசாரணையில் கொடுத்த பதிவேட்டு நகலைப் பையிலிருந்து எடுத்தேன். பொருளாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “தோழர், பென்ஷன் போயிரும். சங்கமும் போயிரும். கீழ இறங்குங்க.” கூட்டத்தின் ஓரத்தில் பாக்கியம் நின்றிருந்தாள். மூன்று வாரம் முன்பே, பொறியாளர் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டியது. அந்தத் தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை, நான் கேட்கவும் இல்லை. “செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட், குளோரின் அறை. கையெழுத்து என்னுடையது. வேலை பார்த்தவர், வால்வை அடைத்தவர், பணியில் இறந்தவர்,” என்று நிறுத்தி, முந்நூறு பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன்:

“சவரிமுத்து மகன் மரியசூசை.”