நாச்சிமுத்து வகையறா

"அம்மா, தெருவுல என் பேரைக் கூப்பிடறாங்க."

"கூப்பிட்டா போக வேண்டியதுதானே."

"அந்தப் பேரை நான் விட்டுட்டேனுங்களே."

பூரணி அம்மா கண்ணைத் திறந்தார்.

குடிலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"நகராட்சியில் நெடுங்காலமாகக் கோரப்படாமல் இருக்கும் வைப்புத்தொகைகள்... பழைய சந்தை, முட்டைக் கடை, நாச்சிமுத்து வகையறா... உரியவர்கள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம்..."

ஆட்டோ முக்கில் திரும்பியது. அடுத்த பெயரை ஆற்றுக்காற்று கொண்டுபோனது.

நாச்சிமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பூரணி அம்மாவுக்கோ அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். ஆற்றங்கரைக் குடிலில் அம்மா குரு. நாச்சிமுத்து சீடர். வருகிற பௌர்ணமியன்று அவருக்குக் காவி கொடுப்பதாகப் பேச்சு.

"அது என்ன பணம்?" என்று கேட்டார் அம்மா.

"கடைக்குக் கட்டின டெபாசிட்டுங்க. நாற்பதாயிரம். சந்தையை இடிச்சப்போ திருப்பித் தர்றோம்னு சொன்னாங்க."

"வாங்கலையா?"

"அதையும் விட்டுட்டேனுங்க. எல்லாத்தையும் விட்ட மாதிரி."

"அது உங்க கையில இருந்துச்சா?"

"இல்லீங்க."

"கையில இல்லாததை எப்படி விட்டீங்க?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார்.

"போய் வாங்குங்க. அப்புறம் விடலாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

*

நகராட்சியில் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் ஹசீனா என்ற இளம் எழுத்தர். பணத்தை வாங்க ஆள் வந்துவிட்டதில் அவளுக்குத்தான் அதிக சந்தோஷம்.

"உட்காருங்க அய்யா. சாமியாருங்களா?"

"பௌர்ணமிக்கு மேலதானுங்க."

"அதுக்குள்ள முடிச்சிரலாம். வகையறா எங்க?"

"வகையறா எல்லாம் இல்லீங்க. நான் தனி ஆளு."

"அப்படிச் சொன்னா எப்படி? 'நாச்சிமுத்து வகையறா'ன்னு இருக்கு. கூட்டுக்கடை. கூட ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கார். பேரு பெரியண்ணன்."



"அவன் பேரை எடுக்காதீங்க கண்ணு. அவன் திருடன்."

"அச்சச்சோ."

"கல்லாப்பெட்டியில இருந்த ரசீதை எடுத்துட்டு இங்க வந்து, பூராப் பணத்தையும் வாங்கிட்டுப் போயிட்டான். அதோட சிநேகிதம் போச்சு. தொழில் போச்சு. மனுசங்களே வேண்டாம்னு நான் ஆத்தங்கரைக்குப் போனேன்."

"எந்தப் பணத்தை வாங்கிட்டுப் போனார்?"

"இந்த டெபாசிட்டைத்தான். நீங்க கூப்பிட்டது ஏதோ மிச்சம் மீதிக்குன்னு நினைச்சு வந்தேன்."

ஹசீனா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அய்யா, அது பூராவும் இங்கதான் இருக்கு."



"யாரும் வாங்கலையா?"

"யாருமே வாங்கலை. அதனாலதானே ஆட்டோ வச்சுக் கூப்பிடறோம்."

நாச்சிமுத்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

ஹசீனா தன் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவரையும் கூட்டிட்டு வாங்க. உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சிக்கு வேணும். அவ்வளவுதான், சின்ன வேலை."

*

"நான் போகலீங்க அம்மா."

"எங்க?"

"பெரியண்ணன் வீட்டுக்கு."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நடுச்சந்தையில நின்னு அவனைத் திருடன்னு சொன்னேனுங்க. அது போகட்டும். அவன் மக கல்யாணத்துக்குப் போன சனத்தை வழியில மறிச்சு, 'திருட்டுக் காசுச் சோறு, திங்காதீங்க'ன்னேன். பாதிப் பேர் திரும்பிப் போயிட்டாங்க."

அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி ஆயத் தொடங்கியது.

"போனா, அவன் என்னை அடிச்சான்னா?"

"வலிக்கும்."

"மன்னிக்க மாட்டேன்னு சொல்லிட்டா?"

"அதுவும் வலிக்கும்."

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கே காவி கொடுத்துட்டீங்கன்னா நல்லதுங்க. பழசு எதுவும் என்னுது இல்லைன்னு ஆயிரும்."

அம்மா கீரையை ஒதுக்கிவைத்து எழுந்தார். வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த நாச்சிமுத்துவின் செருப்பைக் கையால் எடுத்தார். தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"அம்மா! என் செருப்பை நீங்க தொடலாமுங்களா?"

"போட்டுக்குங்க அய்யா."

*

பெரியண்ணன் தன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"வாடா திருடா."

வழியெல்லாம் நாச்சிமுத்து சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அப்படியே மறந்துபோயின.

"நானா?"

"பின்ன, நானா? நாற்பதாயிரத்தை முழுங்கிட்டுச் சாமியாராப் போனவன் யாரு?"

"டேய், நான்..."

"பேசாதே. அந்தக் குடிலுக்கு இடது பக்கம் ஓடு மாத்தினாங்களே, பஸ்ஸுல போறப்ப எல்லாம் பார்ப்பேன். என் பங்குக்கு எத்தனை ஓடு வரும்னு கணக்குப் போடுவேன். அந்தப் பக்கம் பூராவும் என்னுது."

"நான் உன் மாடியைப் பார்ப்பேன்."

"எந்த மாடியை?"

"இதைத்தான். என் காசுல எந்த ரூம்னு யோசிப்பேன்."

"இது மருமகன் கட்டினது. லோன் இன்னும் ஓடுது."

நாச்சிமுத்து கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பணம் நகராட்சியிலேயே இருக்குதுடா. யாரும் தொடலை."

பெரியண்ணனின் விரல்களுக்கு நடுவே ஒரு கடலை உடையாமல் நின்றது.

"ரசீது?"

"உன்கிட்ட இல்லையா?"

"உன்கிட்ட இல்லையா?"

வீட்டுக்குள்ளிருந்து பெரியண்ணனின் மனைவி பாவாயி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"ஏனுங்க, இத்தனை வருசத்துல ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் நகராட்சிக்குப் போய்க் கேட்டிருக்கக் கூடாதா?"

"இவன் எடுத்துட்டான்னு தெரிஞ்சப்புறம் எதுக்குப் போய்க் கேக்கறது?" என்றார் பெரியண்ணன்.

"அதேதான்" என்றார் நாச்சிமுத்து.

பாவாயி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் சிரித்தது யாரென்று சொல்ல முடியாது. பெரியண்ணனுக்குப் புரையேறியது. நாச்சிமுத்து முதுகைத் தட்டிவிட்டார். தட்டிய கையை எடுக்கத் தோன்றவில்லை.

பிறகுதான் சொன்னார்.

"உன் மக கல்யாணத்தன்னைக்கு..."

பெரியண்ணனின் சிரிப்பு நின்றது.

"ஆமா. மீந்த சோத்தை மாட்டுக்குப் போட்டோம்."

நாச்சிமுத்து குனிந்தார். பெரியண்ணன் சட்டென்று இரண்டு காலையும் கட்டில்மேல் தூக்கிக்கொண்டார்.

"காலெல்லாம் வேண்டாம். பொண்ணு வெள்ளிக்கிழமை வர்றா. அவகிட்ட நீயே சொல்லு."

"அவ என்ன சொல்லுவா?"

"எனக்கென்ன தெரியும்? அவளுக்குப் பாவாயி வாய்."

கடலை முறத்தை நாச்சிமுத்து பக்கம் தள்ளினார்.

"உரி. அது வரைக்கும் சும்மா நிக்காதே."

*

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். மனதில் இருந்ததையெல்லாம் சொன்னாள். நாச்சிமுத்து முழுவதையும் நின்றுகொண்டு கேட்டார். சொல்லி முடித்துவிட்டு, "இலை போட்டாச்சு, உட்காருங்க மாமா" என்றாள்.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

*

பௌர்ணமிக்கு முந்தின நாள் நகராட்சிக்கு மூன்று பேரும் வந்தார்கள். பூரணி அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரசீது இல்லாட்டிப் பரவாயில்லை" என்றாள் ஹசீனா. "ஆனா செக் ஒருத்தர் பேருலதான் போட முடியும். மத்தவர் தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று இருவரும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டார்கள். பெரியண்ணன் வேப்பமரத்தடிக்குப் போனார். நாச்சிமுத்து குழாயடிக்குப் போனார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார்கள்.

ஹசீனா முதல் தாளைப் பிரித்தாள்.

"பெரியண்ணன் வாங்கிக்கொள்வதில் நாச்சிமுத்துவுக்கு ஆட்சேபணை இல்லை. சரி."

இரண்டாவதைப் பிரித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்.

"நாச்சிமுத்து வாங்கிக்கொள்வதில் பெரியண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை."

"ஏன்டா இப்படி எழுதினே?" என்றார் நாச்சிமுத்து.

"நீ ஏன்டா எழுதினே?"

"எனக்கு எதுக்குடா பணம்? மருமகன் லோனுக்குக் கட்டு."

"என் வீட்டு லோனைப் பத்தி நீ பேசாதே. குடிலுக்கு வலது பக்கமும் ஓடு மாத்து."

"குடில் ஒழுகலை!"

"ஒழுகும்! ஐப்பசி வரட்டும், ஒழுகும்!"

"வாங்கித் தொலைடா!"

"நீ வாங்குடா முதல்ல!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வரி கட்ட நின்றவர்கள் வரிசையை விட்டு வந்து சுற்றி நின்றார்கள். டீ கொண்டுவந்தவர் கிளாஸைக் கொடுக்க மறந்து நின்றார்.

ஹசீனா இரண்டு தாளையும் தூக்கிப் பிடித்தாள்.

"இப்படி எழுதிக் கொடுத்தா நான் செக் போட முடியாது. தயவுசெஞ்சு யாராவது ஒருத்தர் ஆட்சேபணை பண்ணுங்க!"

"முடியாது" என்றார்கள் இருவரும்.

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. இந்த ரெண்டு பேர்ல நாளைக்குச் சாமியாராகப் போறது யாரு?"

பூரணி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்."