துறைத்தலைவருக்கு எத்தனை மார்க்?

பேச்சிக்கனிக்குப் பகல்ல தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, சாயங்காலம் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம். அங்க துறைத்தலைவர் அம்பலவாணன், இருபது வருஷமா ஒரே பழுப்பு நோட்டைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவார். நோட்டுல இருக்கிறபடி எழுதலைன்னா முட்டைதான்.

அன்னைக்கு டெஸ்ட் பேப்பர் கொடுத்தார். ஒரு கணக்குக்கு நோட்டுல விடை மைனஸ் ஆறு. இவ போட்டிருந்தது ஆறு. பத்து மார்க்கும் போச்சு. அது இல்லாட்டி பாடமே ஃபெயில்.

"சார், என் விடை சரின்னு..."

"என் நோட்டு தப்புங்கிறியா? இப்பவே நிரூபி. இல்லைன்னா உட்காரு."

நோட்டைத் தப்புன்னு சொன்னா அவர் விடமாட்டார்னு இவளுக்குத் தெரியும்.

"தப்பு என்னோடதாத்தான் இருக்கும் சார். எங்க சறுக்குனேன்னுதான் தெரியல. ஒரு தடவை போர்டுல போட்டுக் காட்டுங்களேன்."

அவர் நோட்டை எடுத்தார்.

"அது எதுக்கு சார்? உங்களுக்குத் தெரியாத கணக்கா?"

மொத்த வகுப்பும் பார்த்துச்சு. மனுஷன் நோட்டை வச்சுட்டு, சாக்பீஸை எடுத்து விறுவிறுன்னு போட்டார். கடைசி வரியில ஆறு வந்து நின்னுச்சு. மேலயிருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை பார்த்தார். ஆறு அசையல.

பின்பெஞ்சுல யாரோ இருமினாங்க.

"இதுக்கு எத்தனை மார்க் போடுவே நீ?"ன்னார், போர்டைப் பார்த்தபடியே.

"பத்துக்குப் பத்து சார்"னு சொல்லி, தன் பேப்பரையும் மேசையில இருந்த அவரோட சிவப்புப் பேனாவையும் அவர்கிட்ட நீட்டினா பேச்சிக்கனி.