முழங்காலில் புதுத்தோல்

இருதயராஜ் ஆய்வு மாணவர். அவருடைய பேராசிரியர் ஜமீலா அவரைவிட ஆறு வயது இளையவர். பள்ளிக்கூட ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த மனிதர் என்பதால் பேராசிரியரே அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஏகப்பட்ட கேலி.

அன்று அவர் சின்னக் குழாய்களின் மூடியில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார். நகலெடுத்த டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்புக் குறி, பிறகு குப்பைக்கூடை. அங்கே அதுதான் வழக்கம்.

அவர் மகள் அமலி சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். வயது ஏழு. உயரம் மூன்று வயதுக்குத்தான். அவளுடைய டி.என்.ஏ.விலும் பிறவியிலேயே பிசகியது ஒரே ஓர் எழுத்து.

"அப்பா, தப்பா இருந்தா தூக்கிப் போட்டுடுவீங்களா?"

இருதயராஜின் கை நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்தார். பேராசிரியரிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேடம், செல்லு டி.என்.ஏ.வை நகலெடுக்கறப்ப ஒரு என்சைம் இழையைப் பிரிக்குது. இன்னொண்ணு எழுத்தெழுத்தாக் கோக்குது. தப்பாக் கோத்துட்டா தானே நின்னு, பிடுங்கிட்டு, சரியானதை வைக்குது. அது விட்டதைப் பிடிக்கப் பின்னாடி வேற என்சைம்கள் வருது. இத்தனை காவல் இருந்தும் எம் பொண்ணு விஷயத்துல மட்டும் ஏன் தூங்கிச்சு?"

ஜமீலா எழுந்துபோய் அமலியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"போன வாரம் விழுந்தியே கண்ணு, காயம் எங்க?"

அமலி பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல்.

"ஆறிடுச்சு ஆன்ட்டி. நான் உரிக்கவே இல்ல."

"சார், தொட்டுப் பாருங்க."

தொட்டார். தினமும் மருந்து போட்டவர் அவர்தான். ஆனாலும் இன்றுதான் பார்ப்பதுபோல் இருந்தது.

"இதுல ஒவ்வொரு செல்லுக்கும் அறுநூறு கோடி எழுத்து. நீங்க ரெண்டு பேரும் தூங்கறப்ப இவ உடம்பு உட்கார்ந்து நகலெடுத்திருக்கு."

இருதயராஜ் விரலை எடுக்கவில்லை. பிறகு தயங்கிக் கேட்டார்.

"அந்தத் தப்பு எழுத்தையுமா?"

"அதையும்தான். மத்த எழுத்துக்கு என்ன கவனமோ, அதே கவனம்."

"அதை மட்டும் விட்டிருக்கக் கூடாதா, மேடம்?"

ஜமீலா குழந்தையின் பாவாடையை இழுத்துவிட்டார்.

"அந்த உடம்புக்கு அது தப்புன்னு தெரியாது சார். அமலியோடதுன்னு மட்டுந்தான் தெரியும்."