குறிஞ்சி கொடுத்த பூக்கள்

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பேசின. குறிஞ்சியும் ஆண்டு தவறாமல் பூத்தது. மலையூருக்குப் போகும் பாதையோரத்தில்தான் அது வளர்ந்தது. பள்ளத்துப் பக்கம் வேறொரு செடி இருந்தது. இலையும் தண்டும் அச்சு அசல் குறிஞ்சி மாதிரியே இருக்கும். பூவை வைத்துத்தான் பாதையை அடையாளம் காண்பார்கள்.

ஒரு சாயங்காலம், மலையூர் நஞ்சியின் மகள் பொம்மி விறகு பொறுக்கப் போய் வீடு திரும்பவில்லை. மலையைப் பனிமூட்டம் மூடிவிட்டது. குறிஞ்சி பூத்து ஓய்ந்த நேரம் அது.

"பொம்மி!" என்று கத்திக்கொண்டே நஞ்சி ஓடினாள்.

"அம்மா!" என்றது குரல். ஆனால் எதிரொலி நாலா பக்கமும் கேட்டது. பிள்ளை எங்கே நிற்கிறாள், பள்ளம் எத்தனை அருகில் இருக்கிறது, எதுவும் தெரியவில்லை. நஞ்சி பாதையோரக் குறிஞ்சியின் முன் மண்டியிட்டாள்.

"இப்பப் பூத்துடு தாயி! பூவைப் பார்த்தா எம்புள்ள வழியைப் புடிச்சுக்குவா."

"இந்த வருஷத்துப் பூ முடிஞ்சுபோச்சு நஞ்சி. இனி வரப்போற பன்னிரண்டு வருஷத்துப் பூதான் உள்ளே இருக்கு. ஒண்ணை வெளியே விட்டா எல்லாம் வந்துடும். அப்புறம் நான் இருக்க மாட்டேன்."

செத்துப்போ என்று நஞ்சி எப்படிக் கேட்பாள்? அப்போது கீழே ஒரு கல் உருண்டது. "அம்மா, கால் வழுக்குது!"

குறிஞ்சி அதற்கு மேல் யோசிக்கவில்லை. பாதை நெடுக, செடிக்குச் செடி, நீலம் பொத்துக்கொண்டு விரிந்தது. பொம்மி கைக்கெட்டிய நீலப் பூவைப் பிடித்தாள். அடுத்ததைத் தேடிப் பிடித்தாள். அப்படியே தடவித் தடவி ஏறிவந்து அம்மாவின் மேல் விழுந்தாள்.

பூ உதிர்ந்ததும் செடிகள் கருகின. நஞ்சி விதைகளைப் பொறுக்கி மலை முழுக்கத் தூவினாள். முளைத்தன, வளர்ந்தன, பூக்கவில்லை. "இனி பூக்கவே பூக்காதோ?" என்று ஆண்டுதோறும் ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்ப்பாள். கொடுத்துவிட்ட வருஷங்கள் அத்தனையும் கழிந்த பிறகுதான், ஒரு காலையில் மலையே நீலமாக நின்றது. பொம்மியின் கைக்குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது.

அன்று முதல்தான் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, மலை முழுக்க ஒன்றாகப் பூத்து, பூத்த கையோடு பட்டுப்போகிறது.