அம்பலவாணரைக் கொன்றது யார்?

வேம்பூர் ராஜ்யத்தில் எந்தக் கொலை வழக்கும் ஒரு நாளைத் தாண்டாது. காவல் தலைவர் இடும்பர் அவ்வளவு கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அவர் கையிலிருந்த புளியம் விளாரின் அடியில் இருந்தது.

ஓடத்தில் ஏறிய வெல்ல வியாபாரி ஒருவர் வீடு திரும்பவில்லை. இடும்பர் ஓடக்காரன் சடையனைப் பிடித்தார். பொழுது சாய்வதற்குள் சடையன், "நான்தான் கொன்றேன்" என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை தூக்கு.

அவன் மனைவி செங்கமலம், அரசரின் ஆலோசகர் அம்பலவாணரிடம் ஓடினாள்.

"சாமி, பிணமே கிடைக்கலை. ஆனா எம் புருஷன் ஒப்புக்கிட்டாராம்!"

"அழாதே அம்மா. வெள்ளிக்கிழமை காலையில் சபைக்கு வந்துவிடு. நான் இருப்பேன்."

அவள் வந்தாள். அம்பலவாணரின் ஆசனம் காலியாக இருந்தது.

"தெரியாதா? அவரைக் கொன்றுவிட்டார்கள்" என்றான் வாயிற்காவலன்.

செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டாள். இனி யார் பேசுவார்கள்?

இடும்பர் மீசையை முறுக்கிக்கொண்டு, தாடி மண்டிய ஒரு கம்பளிக்காரனை இழுத்து வந்தார்.

"மகாராஜா, நீங்கள் அம்பலவாணருக்குப் போர்த்திய சால்வையை இவன் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தான். நேற்றே பிடித்தேன். நேற்றே ஒப்புக்கொண்டான்!"

அரசருக்குக் கண் கலங்கியது. "பாவி! நீயா கொன்றாய்?"

"ஆமாம் மகாராஜா" என்றான் அவன், கரகரத்த குரலில். "குத்தி ஆற்றில் தள்ளினேன்."

"திட்டம் போட்டா, ஆத்திரத்திலா?"

"அதை இடும்பர் ஐயாதான் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்."

"இவனுக்கும் தூக்கு!" என்று கத்தினார் அரசர்.

கொலைகாரன் விடாமல் தாடியைச் சொறிவதைச் செங்கமலம் பார்த்தாள். சொறியச் சொறிய, தாடி காதோரம் கழன்று தொங்கியது. அவன் அலுத்துப்போய் அதைப் பிய்த்தே எறிந்தான்.

அம்பலவாணர்!

செங்கமலம் அழுதுகொண்டே சிரித்தாள். இடும்பர் விளாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சடையனை அவிழ்த்துவிடுங்கள்!" என்றார் அரசர். "இடும்பரே, அந்த வியாபாரி செத்தாரா இல்லையா என்று முதலில் போய்த் தேடும். விளார் இங்கேயே இருக்கட்டும்."

பிறகு அந்தச் சால்வையைத் தம் கையாலேயே மறுபடி அம்பலவாணருக்குப் போர்த்தினார். சிரிப்பு அவருக்கு அடங்கவில்லை.

"ஏன் ஐயா, உயிரோடு இருந்துகொண்டே உம்மைக் கொன்றதாக எப்படி ஒப்புக்கொண்டீர்?"

அம்பலவாணர் முதுகைத் தடவிக்கொண்டார்.

"ஒரே அடிதான் விழுந்தது மகாராஜா. இன்னொன்று விழுந்திருந்தால் என் பிணத்தையும் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்."